"டீச்சர், நீங்களும் பன்னெண்டு வாரந்தானா?"

மலேசியாவில் ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் ஒருவர் எழுதிய கடிதம். நீளமானது. எழுதியவரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எடுத்துவிட்டு, முக்கியமானதை மட்டும் அவர் சொற்களிலேயே தருகிறேன்.

"எனக்குச் சொந்த ஊர் கிள்ளான். சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ்மொழிப் பிரிவு. இப்போது பள்ளியில் பாடம் நடத்திப் பழகும் மூன்றாம் கட்டப் பிராக்டிகும், 12 வாரம், பீடோங் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில். பள்ளியில் மொத்தமே ஐம்பது சொச்சம் பிள்ளைகள். இது ஐந்தாவது வாரம். தினமும் இரவு இரண்டு மணி வரை பாடத்திட்டம் எழுதுகிறேன், மணிலா அட்டை வெட்டுகிறேன், லாமினேட் செய்கிறேன். போன வாரம் விரிவுரையாளர் பார்க்க வந்தார். நான்காம் ஆண்டுக்கு இணைமொழி, 'மேடு பள்ளம்' போலச் சேர்ந்து வரும் சொல் சோடிகள். பேரங்காடிக் காணொளி ஒன்றைப் போட்டுப் பீடிகையைத் தொடங்கினேன், ஒன்பது பிள்ளைகளும் பேசாமல் பார்த்தார்கள், அப்புறம் எதைக் கேட்டாலும் பதில் இல்லை. ஒரு பையன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு வாசிக்கவே வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் பள்ளிக்கே வரமாட்டான். முடிந்ததும் விரிவுரையாளர், 'எழுதியதை எல்லாம் செய்து முடித்தீர்கள், பிள்ளைகளை எங்கே விட்டீர்கள்?' என்று கேட்டார். வழிகாட்டி ஆசிரியர் நல்லவர்தான். ஆனால் வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் ரிலீஃப் வகுப்பு, விளையாட்டுப் போட்டி வேலை, மேடை அலங்காரம் எல்லாம் என் தலையில். இரண்டாம் ஆண்டில் ஒரு சின்னப் பெண், 'டீச்சர், நீங்களும் பன்னெண்டு வாரந்தானா?' என்று கேட்டாள். கழிவறைக்குப் போய் அழுதேன். வகுப்புப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டிய செயலாய்வுக்கு இன்னும் தலைப்புகூடக் கிடைக்கவில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்குதானா? சொல்லுங்கள்."

உங்களை டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். அந்தப் பிள்ளைகள் ஐந்து வாரமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் மட்டும் வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

முதலில் தூக்கம். இரவு இரண்டு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுந்து, மோட்டாரில் தோட்டத்துச் சாலையில் போகிறீர்கள் என்றால் பாடம் எப்படிப் போனது என்று பேசுவதற்கு முன்னால் உங்கள் அம்மா கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வண்ண அச்சுக்கும் லாமினேட்டுக்கும் நீங்கள் செலவழிக்கும் வெள்ளியும் எனக்குத் தெரியும், உதவித்தொகையில் பாதி அங்கேதான் போகிறது. ஒரு பெரிய மாஜோங் தாளும் இரண்டு மார்க்கரும் இருந்தால் ஒரு மணி நேரப் பாடத்தை நடத்தலாம். பிள்ளைகள் சொல்வதை அவர்கள் கண் முன்னே அந்தத் தாளில் எழுதி, மறுநாளும் சுவரில் அப்படியே விட்டுவைத்தால், வீட்டில் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்த எந்த அட்டையைவிடவும் அதைத்தான் அவர்கள் போய்ப் போய்ப் பார்ப்பார்கள். அதில் அவர்கள் சொன்ன சொல் இருக்கிறது.

சரி, அந்த இணைமொழிப் பாடத்துக்கு வருவோம்.

பேரங்காடிக் காணொளி தப்பான காணொளி என்று சொல்லமாட்டேன். கிள்ளானில் ஒன்பது பிள்ளைகளுக்குப் போட்டிருந்தால் ஒன்பது பேரும் கத்தியிருப்பார்கள். பீடோங் பிள்ளைகளும் சுங்கை பட்டாணி பேரங்காடிக்குப் போயிருப்பார்கள், தோட்டத்துப் பிள்ளைகள் எதையுமே பார்த்திராதவர்கள் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஆனால் அன்றைக்கு அந்தப் பாடத்தில் அவர்கள் சொல்வதற்கு என்று ஒன்றும் இல்லை. நீங்கள் எடுத்த நான்கு இணைமொழிகளில் 'மேடு பள்ளம்' இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், உங்கள் பள்ளிக்கு வருகிற சாலை எப்படி இருக்கிறது? செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓடி ஓடி, மழைக்கு அப்புறம் அது எந்த நிலையில் கிடக்கும் என்று தினமும் அந்த வழியில் வருகிற உங்களுக்கே தெரியும். "இன்றைக்கு வேன் எங்கே குதித்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கோயில் முனையில், பாலத்துக்கிட்ட, சீனன் கடைக்கு முன்னால் என்று ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அதுதான் பீடிகை. அதிலிருந்து 'மேடு பள்ளம்' தானாக வரும், நீங்கள் விளக்கவே வேண்டாம். எழுதியும் விடுவார்கள்: "எங்கள் வேன் மேடு பள்ளத்தில் குதித்தது." விரிவுரையாளர் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் உங்களைக் குறை சொல்லவில்லை, வழி கேட்டிருக்கிறார்.

அப்புறம், ஒரு மணி நேரத்தில் நான்கு இணைமொழி அதிகம். இரண்டு போதும். பாடத்திட்டத்தில் குறைவாக எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்று பயிற்சி ஆசிரியர்களுக்குள் ஒரு பயம் பரம்பரையாக ஓடுகிறது. நான் பல ஆண்டுகள் வழிகாட்டி ஆசிரியராக இருந்தவள். நோக்கத்தில் இரண்டு எழுதி, இரண்டையும் கடைசிப் பிள்ளைவரை கொண்டுபோன பாடத்துக்கு நான் குறைத்துப் போட்டதே இல்லை. நான்கு எழுதி, மணி அடிக்கும்போது மூன்றாவதில் நின்று, நாலாவதை ஒரு நிமிடத்தில் ஓடவிட்ட பாடத்தைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாடம் முடிந்ததும் எழுதுகிற சிந்தனை மீட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "9 மாணவர்களில் 6 பேர் நோக்கத்தை அடைந்தனர். 3 பேருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்படும்." நீங்கள் இணைத்திருந்த ஐந்து நாள் பாடத்திட்டத்திலும் இதே வரிதான் இருக்கிறது, எண் மட்டும் மாறுகிறது. அந்த வரி இருக்கட்டும், கோப்புக்குத் தேவை. அதற்குக் கீழே இன்றைக்கு ஒரு பிள்ளை செய்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'கடைசி வரிசைப் பெண் இன்றைக்கு ல, ள இரண்டையும் சரியாகச் சொன்னாள், ழ இன்னும் வரவில்லை' என்பதைப் போல. பத்து நாள் எழுதினால் மறுநாள் பாடத்திட்டம் எழுதும் நேரம் பாதியாகக் குறையும். யாருக்கு எங்கே நிற்கிறது என்று கையில் இருக்கும்போது என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார வேண்டியதில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை போடச் சொல்கிறார்களே, அந்த எண்ணைப் போடும்போதும் இந்த வரிகள்தான் கைகொடுக்கும்.

இப்போது அந்தப் பையன். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானவன் அவன்தான்.

வாசிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விடாதீர்கள். எது வராது? நான்காம் ஆண்டு வரை வந்த ஒரு பிள்ளைக்கு எதுவுமே தெரியாமல் இருக்காது. காலையில் வேன் ஏழு மணிக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடும், சபைகூடலுக்கு முன்னால் பத்து நிமிடம் கிடைக்கும். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்துச் சொல்லை எழுதிக் காட்டி, அவன் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். படம், மரம், பால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறேன். 'கொசு' என்று எழுதுங்கள். அவன் 'கெ... கா... சு' என்று இழுத்தால் உங்கள் செயலாய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

இதைப் பிள்ளைக்குப் பிள்ளை பார்த்திருக்கிறேன். முதலாம் ஆண்டில் நம் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே நேரத்தில் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறார்கள். மலாயில் 'கோ' என்றால் ko, முதலில் மெய், அடுத்து உயிர், கண் போகிற வழியிலேயே ஒலியும் போகும். தமிழில் 'கொ' என்றால் கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். கண் முதலில் பார்ப்பதை வாய் முதலில் சொல்லக்கூடாது. பெரியவர்களுக்கு இது பழகிப்போனதால் எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிவதில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு வருகிற எல்லா எழுத்திலும் அந்தப் பிள்ளை தடுக்கும், ஒகர ஓகாரத்தில் கூடுதலாகத் தடுக்கும். ஒரு வரியில் இப்படி நான்கு எழுத்து வந்தால் போதும், அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேசைக்கு அடியில் போய்விடுவான்.

மூன்று சின்ன அட்டை செய்யுங்கள். ஒன்றில் கொம்பு, ஒன்றில் க, ஒன்றில் கால். மேசைமேல் அவனையே அடுக்கச் சொல்லுங்கள். க மட்டும் வைத்தால் க. காலைச் சேர்த்தால் கா. காலை எடுத்துவிட்டுக் கொம்பை முன்னால் வைத்தால் கெ. கொம்பு இருக்கும்போதே காலையும் வைத்தால் கொ. அவன் விரலே அட்டையை நகர்த்த வேண்டும், ஒலி மாறுவதை அவனே கண்டுபிடிக்க வேண்டும். அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "கொம்பைப் பார்த்தா உடனே வாய் திறக்காதே, அடுத்த ரெண்டையும் பார்த்துட்டுச் சொல்லு." பிறகு க போய் ச, த, ம, ல, ஒற்றைக்கொம்பு போய் இரட்டைக்கொம்பு. எடுத்துக்கொள்ளும் சொற்கள் அவன் வாயில் ஏற்கெனவே இருப்பவையாக இருக்கட்டும். செடி, தேள், கொசு, கொய்யா, சோறு, கோயில், மோட்டார், லோரி. தோட்டம் என்ற சொல்லே இரட்டைக்கொம்பில்தான் தொடங்குகிறது, பள்ளிப் பெயர்ப் பலகையில் அவன் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருகிறான். அதை அவனாக வாசிக்கிற நாளில் வழிகாட்டி ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஓய்வு நேரத்தில் கூப்பிடவே கூடாது. துணை உணவுத் திட்டத்தில் அவனுக்குச் சாப்பாடு இருந்தால் அதுதான் அன்றைக்கு அவனுடைய முதல் சாப்பாடாகக்கூட இருக்கலாம், மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து அவன் அதை நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். இன்னொன்று, அட்டை வேலை தொடங்கும் முன் அவனுக்கு வெண்பலகை தெரிகிறதா என்று பாருங்கள். கண்ணாடி இல்லாமல் நான்காம் ஆண்டு வரை வந்து, மந்தப் பிள்ளை என்று பெயர் வாங்கிய ஒருத்தியை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விவகாரம். கிள்ளானில் உங்களுக்கு அது விடுமுறை நாள், கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனில் முடிகிறது. அதனால் அவன் விடுவது வாரத்தின் முதல் நாள். காரணத்தை வகுப்பில் வைத்து அவனிடம் கேட்காதீர்கள். முன்னே மாதிரி அப்பா அம்மா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற குடும்பங்கள் இப்போது குறைவு, அந்த வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலோ பக்கத்துத் தாமான் குடியிருப்பிலோ இருந்துகொண்டு சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள்தான் நிறைய. இரவு வேலை முடிந்து தொழிற்சாலை பஸ் வந்து சேரும்போது வேன் போயிருக்கும். அல்லது வெள்ளி சனியில் பாட்டி வீட்டுக்குப் போய், ஞாயிறு இரவுதான் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்களோ என்னவோ. வழிகாட்டி ஆசிரியருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருக்கும், அவரிடம் கேளுங்கள். மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியர் காதிலும் போடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றினால் அவர்களில் ஒருவரோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள். அவனைப் படமெடுத்து டிக்டாக்கில் 'என் பையன்' என்று போடுவதும் வேண்டாம், எவ்வளவு பாசத்தோடு போட்டாலும் சரி. நாளைக்கு அவன் பதினைந்து வயதில் அதைப் பார்ப்பான்.

ரிலீஃப், மேடை அலங்காரம் பற்றிக் கேட்டீர்கள். இதில் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஒரு பயிற்சி ஆசிரியை வந்தாள். அவளுக்கு நான்தான் வழிகாட்டி. கெட்டிக்காரி, எதைச் சொன்னாலும் "சரிங்க டீச்சர்" என்பாள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், பரிசளிப்பு விழா, என்னுடைய பதிவேடுகள்கூட, எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். ஒன்பதாவது வாரத்தில் வகுப்பறையிலேயே மயங்கி விழுந்தாள். அவள் அம்மா வந்து அழைத்துப் போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கும்பிடு இன்னும் எனக்குள் இருக்கிறது. நான் கொடுமைக்காரி என்று எனக்குத் தோன்றவில்லை, அவளால் முடிகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

அதனால் நீங்கள் வாய் திறந்து சொல்லுங்கள். எத்தனை பாடவேளை எடுக்க வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்பது பிராக்டிகும் கையேட்டில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்த இரண்டு வாரத்தில் எடுத்த ரிலீஃப் வகுப்புகளை ஒரு தாளில் நாள்வாரியாக எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடமே முதலில் காட்டுங்கள். "டீச்சர், இதுல எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். முறையிடுகிற மாதிரி வேண்டாம். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் உங்கள் விரிவுரையாளரிடம் சொல்லுங்கள், அது கோள் மூட்டுவது ஆகாது, அதற்காகத்தான் அவர் இருக்கிறார். ஒரு பக்கம் இதையும் பாருங்கள்: 150க்கும் குறைவான பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஆசிரியர்களும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்கள்தான் எல்லாம். மேடையில் பூ ஒட்டுவதில் கொஞ்சம் செய்யுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து. தூக்கத்தை எடுக்காத அளவுக்கு.

ஒன்பது பேர் வகுப்பு என்று சற்றுச் சலிப்போடு எழுதியிருந்தீர்களோ என்று பட்டது. நகரத்தில் இருப்பவர்கள் இந்தப் பள்ளிகளை எல்லாம் ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதும் எனக்குத் தெரியும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லி, அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் கணக்கு எழுதும் ஒரு கிராணியோ கங்காணியோ வாத்தியாராக நின்று தொடங்கியவை இதில் பல. நாட்டில் இன்றைக்கு 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் நிறைய இப்படி வந்தவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் பட்டணத்துக்குப் போனபிறகும் மிச்சம் இருக்கிற குடும்பங்கள் பிள்ளைகளை அங்கேதான் அனுப்புகின்றன. முப்பத்தைந்து பேர் வகுப்பில் அந்தப் பையன் மேசைக்கு அடியில் போனதை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். ஒன்பது பேர் என்பதால் ஒன்பது பேரையும் உங்களால் பார்க்க முடிகிறது. இந்த வசதி உங்களுக்கு இனி எந்தப் பள்ளியில் கிடைக்கும் என்று தெரியாது. முடிந்தால் ஒரு நாள் திடலுக்கு அழைத்துப் போய், குனோங் ஜெராயைக் காட்டி அதைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், கடாரம் என்று நாம் பேசுகிற இடம் அந்த மலை அடிவாரத்து மெர்போக், பூஜாங் பள்ளத்தாக்குதான் என்றும் சொல்லுங்கள். தினமும் பார்க்கிற மலைக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கதை இருப்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

லாயக்கா என்று கேட்டீர்கள். பாடம் சொதப்பியதற்கு அழுததாக நீங்கள் எழுதவில்லை, ஒரு சின்னப் பெண் கேட்ட கேள்விக்கு அழுததாக எழுதியிருக்கிறீர்கள். பாடம் நடத்துவதைக் கற்றுக்கொடுக்கலாம், நான் பலருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இதை யாருக்கும் என்னால் கற்றுக்கொடுக்க முடிந்ததில்லை. அழுகை மட்டும் தினமும் வந்தால், காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால், கழகத்தில் ஆலோசகரைப் பாருங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். அதைப் பிராக்டிகும் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பதில் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பயிற்சிக் கழகத்துக்குப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் எத்தனையோ பயிற்சி ஆசிரியர்களைப் பார்த்துவிட்டார்கள், கணக்கு அவர்களுக்குத் தெரியும். கட்டிப்பிடித்துக்கொண்டு "டீச்சர் எங்கயும் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறார்கள். படிப்பு முடிந்து கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத்துக்குப் போய் வந்தபிறகு உங்களை எந்த மாநிலத்துக்கு அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் திரும்பி வருவேன் என்றும் சொல்லாதீர்கள். "ஆமா, பன்னெண்டு வாரந்தான். இன்னும் ஏழு வாரம் இருக்கு" என்று சொல்லி, ஒரு மாஜோங் தாளில் ஏழு கட்டம் போட்டு வகுப்பில் மாட்டுங்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு பிள்ளை வந்து, அந்த வாரம் புதிதாகத் தெரிந்துகொண்ட ஒரு சொல்லை அந்தக் கட்டத்தில் எழுதட்டும். கடைசி நாளில் கேக் வெட்டி, ஒரே அழுகையாக முடிக்க வேண்டாம். அந்தத் தாளைக் கழற்றாமல் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பையனைப் பற்றி எழுதிவைத்த வரிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து, அந்த அட்டைகளோடு வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுங்கள். எந்தக் கொம்பு வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை என்று முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்து வருகிறவர் அவனை மறுபடியும் அ, ஆ விலிருந்து தொடங்க வைக்காமல் இருப்பார். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், பன்னிரண்டாவது வாரம் முடிந்ததும் அவன் எந்தச் சொல்லில் நிற்கிறான் என்று.